டாப்சிலிப்பில் வைத்த பூ

கண்ணு,

"வருவியா மாட்டியா, ஒத்த வார்த்தை சொல்லும்மா" என்று போன ஞாயிற்றுக்கிழமை தறி ஷெட் வாசலில் நின்று கேட்டாய். தறி ஓடுகிற சத்தத்தில் காதில் விழாத மாதிரி நடித்தேன். நான் நடிக்கிறேன் என்று உனக்குத் தெரிந்துதான் இருந்தது. சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டு கோயமுத்தூர் பஸ் ஏறப் போய்விட்டாய். ஒத்த வார்த்தையில் பதில் சொல்லுகிற பொம்பளையா உன் அம்மா? குழம்பில் உப்பு இல்லை என்று சொல்வதற்கே நான் தூத்துக்குடி உப்பளம் வரைக்கும் போய்வருவேன் என்று உங்கப்பா கேலி பேசுவார். அந்த எஸ்டிடி பூத்துக்குள் நின்றுகொண்டு, மீட்டர் ஓடுகிறதைப் பார்த்துக்கொண்டு பேசவும் எனக்கு வராது. அதனால்தான் இந்தக் கடிதம். பொறுமையாகப் படி. பதில் கடைசியில்தான் இருக்கும். அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே, நீ புரட்டுகிற ஆள்தான்.

வருகிற ஆவணியில் உனக்குக் கல்யாணம். பெண் பெரியநாயக்கன்பாளையம் கலாமணி. கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் புருஷனை லாரி விபத்தில் பறிகொடுத்த பெண். நீ என்னிடம் நகை கேட்கவில்லை, மண்டபம் கேட்கவில்லை. "நீ வந்து உன் கையால அவ தலைல பூ வெக்கோணும்மா. வேற யாரு வெச்சாலும் வேண்டாங்கறா. நீ வரலீன்னா பூ இல்லாமயே தாலி கட்டிக்கறோம்" என்றாய். இந்தப் பக்கம் உன் பெரியத்தை வந்து, "அந்தப் பொண்ணு தலைல நீ பூ வெச்சீன்னா அதோட நம்ம உறவு முடிஞ்சுது, பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, வைத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் போனாள். ஆகக்கூடி எல்லாம் ஒரு முழப் பூவில் வந்து நிற்கிறது. நான் வைப்பேனா, மாட்டேனா என்பதுதான் கேள்வி.

அதற்கு முன்னால் ஒன்று. எனக்கு உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. இதை உன் முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை. நீ டிப்ளமா பாஸ் பண்ணிய அன்றைக்குக்கூட "சட்டையத் தொவைக்கப் போடு" என்றுதான் சொன்னேன். பம்புசெட் கம்பெனியில் உனக்கு வேலை கிடைத்தபோது சோமனூர் சந்தை முழுக்கச் சொல்லிவிட்டு வந்து, உன்னிடம் "இனியாவது காலைல எந்திரி" என்றேன். எங்கள் ஊட்டில் பிள்ளையைப் புகழ்கிற பழக்கம் இல்லை. கண்பட்டுவிடும் என்பார்கள். பட்டால் படட்டும் போ. நீ செய்த காரியம் ஒன்றை நான் மனசுக்குள் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அது டிப்ளமாவும் இல்லை, வேலையும் இல்லை. டாப்சிலிப் புல்வெளியில், எல்லார் முன்னாலும், நீ என் கையைப் பிடித்தாயே, அதுதான்.

அந்த நாளை எழுதிப் பார்க்காமல் எனக்குப் பதில் வராது. உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் என் பக்கத்திலிருந்து நீ கேட்டதில்லை. கலாமணியின் தங்கச்சி சுமதியைத்தான் உனக்குப் பார்த்தோம். அவர்கள் ஊட்டில் அதற்கு முன்னால் வந்த மாப்பிள்ளை வீட்டார், பெண் பார்த்து, பஜ்ஜி சாப்பிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். தெருவே சன்னலில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறது. பெண்ணின் அம்மா, "இனி என் ஊட்டு வாசல்ல பொண்ணு பார்க்க ஒரு காரும் வந்து நிக்கக் கூடாதுங்க" என்று தரகரிடம் சொல்லிவிட்டார்கள். தரகரோ வாயால் பந்தல் போடுகிற ஆள். "அதுக்கென்னங்க, சுத்திப் பார்க்கப் போற மாதிரி போயிருவோம். ரெண்டு குடும்பமும் ஒரே வேன்ல. பேரூர் கோயில், காட்டிலாகா மியூசியம், அப்படியே டாப்சிலிப். புடிச்சா பேசலாம். புடிக்கலீன்னா யாரோ எவரோ, டூர்ல பார்த்தோம், அவ்வளவுதானுங்க" என்றார். கரண்ட் நிறுத்தம் என்று அறிவித்திருந்த நாளாகப் பார்த்து, தறி எப்படியும் ஓடாது என்பதால், நானும் சரி என்றேன். வேனில் யாரும் யாரையும் பேர் கேட்கக் கூடாது, பெண் பார்க்க வந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது ஏற்பாடு. எனக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. சினிமா மாதிரி இருக்கிறதே என்று இருக்கிறதிலேயே நல்ல பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டேன். காட்டுக்குப் போகிறவள் பட்டுக் கட்டுவாளா என்று உங்கப்பா கேட்டார். நீங்க உங்க வேலையப் பாருங்க என்றேன்.

அந்த மெட்டடார் வேனில் அவர்கள் பக்கம் ஏறியது மூன்று பெண்கள். அம்மா, சேலை கட்டிய ஒரு பெண், சுடிதார் போட்ட ஒரு பெண். இதை நான் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குப் போய்ப் பெண் பார்த்திருந்தால் கலாமணியை நான் கண்ணால்கூடக் கண்டிருக்க மாட்டேன். உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தியிருப்பார்கள். நல்ல காரியத்துக்கு முன்னால் அவள் வரக் கூடாது, இல்லையா? ஆனால் வேனில் உள்ளறை ஏது? அவளை வீட்டில் தனியாக விட்டுவிட்டு வரவும் அந்த அம்மாவுக்கு மனசில்லை. டூர்தானே, யார் எவர் என்று கேட்கப் போகிறார்கள் என்று கூட்டி வந்துவிட்டார்கள். பாவம், அவர்கள் போட்ட கணக்கில் ஒரு தப்பும் இல்லை. என்னை மாதிரி ஒருத்தி வேனில் இருப்பாள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பேரூரில் இறங்கினோம். கனகசபை மண்டபத்தில் கல்லிலேயே சங்கிலி செய்து தொங்கவிட்டிருக்கிறார்களே, அதைப் பார்த்து உங்கப்பா வாயைப் பிளந்துகொண்டு நின்றார். நான் சிலையையா பார்த்தேன்? என் கண் முழுக்க அந்தப் பெண்கள் மேல்தான். "ஏம்புள்ள, எது பொண்ணு?" என்று உங்கப்பா காதில் கேட்டார். "பத்தடி தள்ளி நின்னு துணில எந்த இழை அறுந்திருக்குதுன்னு சொல்றவ நானு, இது தெரியாதா? சேலை கட்டியிருக்கறதுதான் பொண்ணு. அந்தச் சுடிதார் பள்ளிக்கூடம் போற தங்கச்சி" என்றேன். கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை. பெண் அடக்கமானது, அதிகம் பேசாது என்று தரகர் சொல்லியிருந்தார். சேலை கட்டிய பெண் பேசவே இல்லை. சுடிதாரோ கல்யானைத் தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தது. வெளியே வந்து கோயில் வாசலில் மல்லிகை வாங்கினேன். சுடிதார்ப் பெண் வைத்துக்கொண்டது, அவர்கள் அம்மா வைத்துக்கொண்டார்கள், நானும் வைத்துக்கொண்டேன். சேலை கட்டிய பெண் மட்டும் "வேண்டாமுங்க" என்று தள்ளிப் போய் நின்றுகொண்டது. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா கையால் பூ வைக்கட்டும் என்று தலையைக் காலியாக வைத்திருக்கிறது பார், எப்பேர்ப்பட்ட வளர்ப்பு என்று நினைத்தேன். நம் பக்கம் பூ வைப்பது என்றால் என்னவென்று உனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டு அம்மா பெண் தலையில் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. மீதிப் பூவை ஈர வாழையிலையில் சுற்றிப் பைக்குள் பத்திரமாக வைத்தேன்.

மியூசியத்தில் நீ நடந்துகொண்டதையும் நான் கவனிக்காமல் இல்லை. அந்தப் பழைய ஓட்டுக் கட்டடத்துக்குள் பாடம் பண்ணி வைத்திருந்த காட்டெருமைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய மரத்தைக் குறுக்கே அறுத்து வைத்திருந்தார்களே, வளையம் வளையமாக, அதன் முன்னால் நீ நின்றாய். சுடிதார்ப் பெண் வந்து உன்னிடம் என்னவோ படபடவென்று சொன்னது. நீ சிரித்தாய். சேலைப் பெண் தங்கச்சியின் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு, தானும் சிரித்தது. பிள்ளை விழுந்துவிட்டான், சேலைக்குத்தான் விழுந்தான் என்று முடிவு கட்டினேன். என்ன பேசினீர்கள் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் நீ சொன்னாய். "நான்தானுங்க பொண்ணு. ஆனா எனக்கு டீச்சர் ட்ரெய்னிங் முடிக்கோணுங்க. நீங்களே ஏதாச்சும் சாக்கு சொல்லி வேண்டாம்னு சொல்லிப்போடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று சுமதி கெஞ்சியிருக்கிறாள். நீயும் சரி என்று வாக்குக் கொடுத்திருக்கிறாய். அடப்பாவி, அதை அப்போதே வந்து என் காதில் போட்டிருந்தால்? போட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. போகட்டும்.

பொள்ளாச்சி தாண்டியதும் எனக்குக் குமட்ட ஆரம்பித்தது. பட்டுச்சேலைக்குள் வெந்துகொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, மாப்பிள்ளையின் அம்மா என்று கெத்தாக உட்கார்ந்திருந்தேன். பின் சீட்டிலிருந்து ஒரு கை நீண்டது. உப்பில் ஊறின நாரத்தங்காய்த் துண்டு. "வாய்ல அடக்கிக்கோங்க. முழுங்கீராதீங்க" என்று சின்னக் குரல். திரும்பிப் பார்த்தால் அந்தச் சேலைப் பெண், கலாமணி. என் முகத்தைப் பார்க்காமலே எனக்குக் குமட்டுகிறது என்று எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். "கழுத்து வேர்த்துருக்குதுங்க" என்றாள். சேத்துமடை செக்போஸ்ட் வருவதற்குள் என் வயிறு அடங்கிவிட்டது, மனசும் முடிவாகிவிட்டது. டாப்சிலிப்பில் காட்டிலாகா வண்டியில் உள்ளே போனோமே, அங்கே ஒரு காட்டெருமை ரோட்டை மறித்துக்கொண்டு நின்றது. மியூசியத்தில் பார்த்தது பஞ்சு அடைத்தது, இது மூச்சு விட்டது. நான் கத்த வாயைத் திறந்தேன். கலாமணி என் தோளில் கை வைத்து, "அது பாட்டுக்குப் போயிருமுங்க" என்றாள். அது அதுபாட்டுக்குத்தான் போனது. என் மருமகளுக்கு என்ன தைரியம் என்று உங்கப்பாவை இடித்தேன். அதற்குள் மருமகளே ஆக்கிவிட்டேன் பார்.

புல்வெளியில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். மான்கள் ஆடுமாடு மாதிரி பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. தரகர் டீ குடிக்கப் போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம். உன்னை ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. உங்கப்பாவைக் கேட்டேனா? அதுவும் இல்லை. வாழையிலையைப் பிரித்தேன். மல்லிகை கொஞ்சமும் வாடவில்லை. கை கழுவிவிட்டு வந்து குனிந்து டிபன் கேரியரை அடுக்கிக்கொண்டிருந்தாள் கலாமணி. பின்னால் போய் நின்று, "நிமிராத அம்மணி" என்று சொல்லிவிட்டு, என் தலையிலிருந்த ஊசியை எடுத்து, அவள் பின்னலில் பூவைச் செருகினேன்.

அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன். அந்த அம்மா கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பு கீழே விழுந்தது. தரகர் டீக்கடையிலிருந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "ஐயோ, என்ன காரியம் பண்ணிப்போட்டீங்க! அது பொண்ணு இல்லீங்க! பெரிய பொண்ணுங்க, தாலி அறுத்த பொண்ணுங்க!" என்று கத்தினார். பக்கத்தில் வேறொரு பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் நான் என்ன செய்தேன் என்பது உனக்குத் தெரியும். வைத்த பூவைப் பிடுங்க நானே கையை நீட்டினேன். யோசித்து நீட்டவில்லை. சூடுபட்டால் கை இழுத்துக்கொள்ளுமே, அப்படி அது தானாகப் போனது. என் விரல் பூவைத் தொடுவதற்குள் நீ என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாய்.

"எடுக்காதீங்கம்மா."

அவ்வளவு மெதுவாகச் சொன்னாய். என்னை நீ ஒருநாளும் "ங்க" போட்டுக் கூப்பிட்டதில்லை, அன்றைக்குத்தான் கூப்பிட்டாய். அப்புறம் கலாமணியைப் பார்த்து, "எங்கம்மா ஆசையா வெச்சதுங்க. நீங்களும் எடுக்காதீங்க" என்றாய். சுமதி ஓடி வந்து அக்காளைக் கட்டிக்கொண்டு, "இருக்கட்டுங்க்கா, நல்லாருக்குது" என்று அழுதாள். கலாமணி யாரையும் பார்க்கவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு, மேய்கிற மான்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு உன் மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பெற்ற தாயின் கையைச் சபையில் பிடிக்கிறான், இவனுக்கு எங்கிருந்து இந்தத் துணிச்சல் என்று பொருமினேன். இப்போது கேட்டால், அந்தத் துணிச்சல் என்னிடமிருந்துதான் வந்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வேன்.

திரும்பி வரும் வழியில் டிரைவர் பாட்டு கேசட்டைப் போட்டார், தரகர் அணைக்கச் சொன்னார். வேன் முழுக்க மல்லிகை வாசம். பெரியநாயக்கன்பாளையத்தில் அவர்கள் தெரு முனையில், பலசரக்குக் கடைக்கு எதிரே இறக்கிவிட்டோம். பொழுது சாயவில்லை, தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. அந்த அம்மா கலாமணியின் காதில் என்னவோ சொன்னார்கள். கலாமணி தலைக்குக் கையைக் கொண்டுபோய்ப் பூவை எடுத்தாள். எடுத்து வீசவில்லை. முந்தானையில் வைத்து முடிந்துகொண்டாள். அப்போது ஒரு தடவை திரும்பி வேன் சன்னலைப் பார்த்தாள். சன்னலில் நான் இருந்தேன். நீ முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் இருந்ததால் உனக்கு இது தெரியாது. இன்றைக்கு வரைக்கும் உன்னிடம் சொன்னதும் இல்லை.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். சம்பந்தம் நின்றுபோனது. நீ மன்னிப்புக் கேட்க அவர்கள் வீட்டுக்குப் போனாய். சுமதி ட்ரெய்னிங் முடித்து, காரமடைப் பையனைக் கட்டிக்கொண்டு போனாள். அந்தக் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த நீ, தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்துகொண்டு, "நீ பூ வெச்ச பொண்ணையே கட்டிக்கறேம்மா" என்றாய். நான் ஆடின ஆட்டத்தில் பக்கத்துத் தறிக்காரர்கள் ஓடி வந்தார்கள். "தெரியாம வெச்சதுடா அது!" என்று கத்தினேன். நீ கேட்டாய், "தெரிஞ்சு வெச்சிருந்தா தப்பாம்மா?" அன்றைக்கு உங்கப்பா தறியில் அறுந்த பாவு நூலை முடிந்துகொண்டே, தலையைத் தூக்காமல், "அவன் அன்னைக்குக் கையப் புடிச்சது சரிதான் புள்ள" என்று சொன்னார். வீட்டு விவகாரத்தில் வாய் திறக்காத மனுஷன் பேசினால் அதற்கு ஒரு கனம் இருக்கிறது. எனக்கு அது தெரியும், ஒப்புக்கொள்ளத்தான் நாளாயிற்று.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ கோபித்துக்கொண்டு போனாய் அல்லவா, அதற்கு ரெண்டு நாள் கழித்துக் காரமடைக் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். திரும்பி வரும்போது பெரியநாயக்கன்பாளையத்தில் இறங்கிவிட்டேன். கலாமணி வீட்டில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க" என்று சொல்லித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் வந்த பஸ், வெயில், காரமடைக் கூட்டம் என்று என்னென்னவோ பேசினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வேண்டாம்னு சொல்லத்தான் வந்தீங்களாங்க? சொல்லிருங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்றாள். நானோ, "ஏன் அம்மணி, என் கையால வெச்சாத்தான் பூ வெச்சுக்குவேன்னு சொன்னியாமே, எதுக்கு?" என்று கேட்டேன். அவள் மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அன்னைக்குத் தெரு முனைல பூவை எடுக்கறப்போ உங்களத்தானுங்க பார்த்தேன். புல்வெளில உங்க மகன் சொன்ன மாதிரி நீங்களும் எடுக்காதேன்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு பார்த்தேன். அவங்க சொன்னது சரிதானுங்க. ஆனா வெச்சது நீங்க இல்லீங்களா?"

கண்ணு, நான் அழுகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். தறிக்கட்டை கை மேல் விழுந்தபோதுகூடத் திட்டினேனே தவிர அழவில்லை. அன்றைக்கு அவள் வீட்டில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். பிறகு காப்பி போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை தூக்கல். போகப் போகச் சொல்லித் திருத்திக்கொள்ளலாம்.

கல்யாணம் ஆகப் போகிற பிள்ளைக்கு நாலு வார்த்தை சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, சொல்லிவிடுகிறேன். உன்னைப் பெரிய மனசுக்காரன், பாவப்பட்ட பெண்ணுக்கு வாழ்வு கொடுத்தவன் என்று நாலு பேர் வந்து முதுகில் தட்டுவார்கள். அந்தப் பேச்சை வாசலோடு நிறுத்து. அவள் உனக்குக் கிடைத்தது உன் அதிர்ஷ்டம், தர்ம காரியம் ஒன்றும் நீ செய்யவில்லை. சண்டை வரும், எல்லா வீட்டிலும் வருகிறதுதான். எந்தச் சண்டையிலும் அந்தப் பழைய கதை உன் வாயில் வரக் கூடாது. வந்தது என்று என் காதுக்கு எட்டினால் சோமனூரிலிருந்து அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பேன். செத்துப்போன அந்தப் பையனின் போட்டோ ஒன்று அவள் தையல் மிஷின் மேலே மாட்டியிருக்கிறது. புது வீட்டுக்கு அதைக் கொண்டுவந்தால் ஆணி நீயே அடித்துக் கொடு. சாப்பிட்ட தட்டை நீயே கழுவு. உங்கப்பாவை நான் அப்படிப் பழக்காமல் விட்டுவிட்டு இன்றைக்கும் அனுபவிக்கிறேன். எனக்கும் அவளுக்கும் சண்டை வராது என்றெல்லாம் நான் எழுதித் தர மாட்டேன். கட்டாயம் வரும். காப்பிச் சர்க்கரைக்கு வரும், புளிக்குழம்புக்கு வரும். அந்தச் சண்டையில் நீ நுழையாதே, அது எங்கள் விவகாரம்.

உன் பெரியத்தை வர மாட்டாள். வராமல் இருக்கட்டும். ஒரு வருஷம் போனால் பேரப்பிள்ளையைப் பார்க்க அவளே வருவாள், அப்போது நான் காப்பி வைக்கிறேனா இல்லையா என்பதை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஊர் பேசும், பேசட்டும். உன்னைப் பெற்றவள் என்று சொல்லிக்கொண்டு சந்தையில் நடக்க எனக்கு இப்போது இருக்கிற சந்தோஷம், எந்தச் சீர் வரிசையிலும் வந்திருக்காது. என் கையைப் பிடித்துத் தடுக்க ஒரு பிள்ளையைப் பெற்றேனே, அது போதும்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். ஆவணி வரைக்கும் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை தறியை நிறுத்திவிட்டு நானும் உங்கப்பாவும் வருகிறோம். அந்தப் பட்டுச்சேலையைத்தான் கட்டிக்கொள்வேன். முதலில் பேரூர் போய், கோயில் வாசலில் அதே கடையில் பூ வாங்குவேன். கலாமணியை வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று சொல். அந்தத் தெரு முனைக்கு, பலசரக்குக் கடைக்கு எதிரே வந்து நிற்கச் சொல். நல்ல வெளிச்சத்தில், கடையில் ஆள் நிற்கும்போது, அவள் தலையில் பூ வைப்பேன். தெரிந்தேதான் வைப்பேன். வைத்துவிட்டு அவள் கூடவே அந்தத் தெரு முழுக்க வீடு வரைக்கும் நடப்பேன். சன்னலில் எட்டிப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். நடுவில் பயந்துபோய் அவள் கை தலைக்குப் போனால், நீ பதறாதே. இந்தத் தடவை அந்தக் கையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

உன் அம்மா